லியோனார்ட் இறக்காத ஊர்

வியாழக்கிழமை கப்பலிலிருந்து இறங்கிய லியோனார்ட், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊர் இறக்கப்போகிறான் என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஃப்ளோராவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. நியாயமாகப் பார்த்தால் முதலில் அவளிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். அவள் புருஷன் பாஸ்கல் அதே கப்பலில் லியோனார்டோடு கப்பல் வேலைக்கு, கலாசியாகப் போனவன். போனவன் திரும்பவில்லை.

ராயபுரத்தில் துறைமுக மதிலை ஒட்டிய அந்தத் தெருவில் பாதி ஆண்கள் ஹார்பரில் மூட்டை இறக்குகிறவர்கள். மிச்சமுள்ளவர்களில் சிலர் கப்பலுக்கே போகிறவர்கள். ஒருவன் கப்பலிலிருந்து வந்தால், அடுத்து வரும் ஞாயிறு சாயங்காலம் தன் வாசலில் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்து, போன ஊர்களை எல்லாம் போன வரிசையிலேயே சொல்ல வேண்டும். அதற்குப் பெயர்தான் ஊர் இறக்குவது. டீயும் சீமை பிஸ்கட்டும் அவன் பொறுப்பு. ஓர் ஊரை விட்டுவிட்டால், "இன்னாப்பா, நடுவுல ஒரு மூட்டை கொறையுதே" என்று கேட்டு மானத்தை வாங்கிவிடுவார்கள். வெளிநாட்டை ஒருநாளும் பார்க்கப்போகாத சனம், பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே உலகத்தைச் சுற்றி வந்துவிடும்.

பாஸ்கல் செத்த சேதி இரண்டு மாதத்துக்கு முன்பு வந்தது. கப்பல் கம்பெனியிலிருந்து கசங்காத சட்டை போட்ட ஓர் ஆள் வந்தான். வாசலில் நின்றபடியே, "உங்க வீட்டுக்காரர் கப்பல்லேர்ந்து தானாவே குதிச்சுட்டாரும்மா. குடும்பத்துல ஏதாவது மனஸ்தாபமா?" என்று கேட்டான். அந்தக் கடைசிக் கேள்வியைத் தெருவே கேட்டது. பதிலையும் தெருவே சொன்னது.

ஏனென்றால் பாஸ்கல் கிளம்பின அன்று ஃப்ளோரா போட்ட சண்டையை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதற்கு முன் அவன் ரங்கூன், பினாங்கு என்று பக்கத்து ஊர்களுக்குப் போய்ச் சுருக்க வந்துவிடுவான். இந்தத் தடவை உலகத்தையே சுற்றுகிற கப்பல். போதாததற்கு, "சூயஸ் கால்வாய்ல சண்டை போட்டு மூடி வெச்சிக்கிறானுங்கம்மே. வர்றப்ப ஆப்பிரிக்காவையே சுத்திக்கினு வரணும். வருசம் ஆயிடும்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று சொன்னான். அதைப் போகிற நேரத்தில்தான் சொல்ல வேண்டுமா? முன்னாலேயே சொன்னால் போகவிட மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த ஆத்திரம். "போ! போய்க் கடல்லயே கெட! இந்தப் பக்கம் வராத!" என்று தெருமுனைவரை கத்திக்கொண்டே போனாள்.

கத்தாத பெண்டாட்டி அந்தத் தெருவில் யார்? புருஷனை 'நாசமாப்போ' என்று சொல்லாமல் ஒருத்திக்காவது பொழுது விடிந்திருக்கிறதா? ஆனால் ஃப்ளோரா சொன்னது மட்டும் பலித்துவிட்டதாம். மாமியார் சிலுவையம்மாள் தெரு நடுவில் உட்கார்ந்து ஃப்ளோராவின் பெயரைச் சொல்லி மாரடித்தாள். "எம் புள்ளைய வாயாலயே கடல்ல தள்ளிட்டாளே!" என்று அவள் போட்ட கூச்சல் ஹார்பர் மதிலைத் தாண்டிக் கேட்டது. குழாயடியில் ஃப்ளோராவின் குடம் வந்தால் மற்றக் குடங்கள் நகர்ந்துகொண்டன.

அதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது கோயிலில் நடந்தது. தற்கொலை செய்துகொண்டவனுக்கு ஆத்தும பூசை கிடையாது, துக்க மணியும் கிடையாது என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. "கம்பெனியே அப்டித்தானே சொல்லுதும்மா, நான் என்ன செய்யட்டும்?" என்று கையை விரித்தார். உடம்பும் இல்லை, கல்லறையும் இல்லை, ஒரு பூசைகூட இல்லையென்றால், பாஸ்கல் என்று ஒருவன் இருந்ததற்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம்? அவனுக்கு ஒரு பூசை வேண்டும், ஒரு மணி அடிக்க வேண்டும். அது ஒன்றுக்காகத்தான் அவள் லியோனார்டின் கப்பலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமையே அவன் வீட்டுக்கு ஓடினாள். அவன் பெண்டாட்டி ஆலிஸ் கதவைப் பாதி திறந்து, "தூங்குறாரு" என்றாள். வெள்ளிக்கிழமை போனால், "மாதவரத்துல எங்கக்கா வூட்டுக்குப் போயிக்கீறாரு" என்றாள். சனிக்கிழமை கதவே திறக்கவில்லை. உள்ளே பீடி இருமல் மட்டும் கேட்டது. அந்த இருமல் லியோனார்டினுடையது என்று தெருவில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை, யாரும் கூப்பிடாமலே, ஃப்ளோரா தலையை வாரி முடிந்துகொண்டு லியோனார்ட் வாசலுக்குப் போனாள்.

கூட்டம் கூடிவிட்டிருந்தது. முன்வரிசையில் ஜஹாங்கீர் பாய். ஹார்பரில் மூட்டை தூக்கும் வின்ச் எந்திரத்தை ஓட்டி ஓய்ந்தவர், யார் ஊர் இறக்கினாலும் சரக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற ஆள். அவருக்குப் பக்கத்தில், பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்ற மரியாதைக்காக ஒரு நாற்காலியில் சிலுவையம்மாள். டீ ஊற்றிக்கொண்டிருந்த ஆலிஸ், ஃப்ளோராவைப் பார்த்ததும் ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். லியோனார்டும் பார்த்தான். பார்த்துவிட்டுப் பார்க்காதவன் மாதிரித் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான்.

சிங்கப்பூரை இறக்கினான். அடுத்து யோக்கோஹாமா. பேச்சு அவனுக்குக் கைவந்த கலை; கையையும் காலையும் ஆட்டிச் சொன்னால் கப்பலே கண்முன் வந்து நிற்கும்.

"குளிருன்னா குளிரு, அப்டி ஒரு குளிரு. காலைல கண்ண முழிச்சா டெக்கு பூரா வெள்ளையா கீது. பனி! நம்மாளு ஒருத்தன், அத்தப் பாத்ததே கெடயாது அவன். இன்னா பண்ணான் தெரியுமா? கர்சீப்புல மூட்டையா கட்டி டிரங்குப் பெட்டில வெச்சிட்டான். ஊருக்குக் கொண்டாந்து காட்டணுமாம்! மறுநாள் பொட்டியத் தொறந்தா, சட்ட துணியெல்லாம் தொப்பலு!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஃப்ளோரா சிரிக்கவில்லை. ரங்கூனிலிருந்து வரும்போது அவளுக்குக் காட்டவென்று மின்மினிப்பூச்சியைத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து, செத்துப்போன பூச்சியைக் கையில் வைத்துக்கொண்டு மூஞ்சியைத் தொங்கப்போட்டவன் அவள் புருஷன். பனியை மூட்டை கட்ட உலகத்திலேயே வேறு எவனுக்குத் தோன்றும்?

லியோனார்ட் சான்ஃபிரான்சிஸ்கோவை இறக்கினான். மேட்டுத் தெருவில் டிராம் ஏறின கதை. அதிலும் 'ஒருத்தன்' வந்தான். டிராம் பின்னால் சறுக்கிவிடும் என்று பயந்து, பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பனாமாவில் கப்பலைத் தொட்டித் தொட்டியாகத் தண்ணீர் நிரப்பி மேலே தூக்குகிறார்கள் என்றான். "கப்பலுக்கே மாடிப்படியா?" என்று ஜஹாங்கீர் பாய் வாயைப் பிளந்தார். அங்கேயும் அந்த 'ஒருத்தன்' கரையில் நின்றவனுக்கு வாழைப்பழம் வேண்டும் என்று சைகை காட்டி அடி வாங்கப் பார்த்தான். ராட்டர்டாமிலும் அதே ஆள்தான், சைக்கிள்காரிகளை எண்ணிக்கொண்டு நின்று வழி தவறினான்.

ஒவ்வொரு ஊரிலும் பாஸ்கல் உயிரோடு இருந்தான். நடந்தான், பயந்தான், உளறினான், சிரித்தான். ஃப்ளோராவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கதைக்கு அவன் வேண்டும், சிரிப்புக்கு அவன் வேண்டும், பெயர் மட்டும் வேண்டாமா? என்ன மனுஷன் இவன்! செத்தவனிடமிருந்து மிச்சமிருக்கிற ஒரே சொத்தையும் உருவிக்கொண்டு டீயோடு பரிமாறுகிறானே!

"அப்பால ஹாம்பர்க்" என்றான் லியோனார்ட். "ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போனோம். நம்மாளு கீறானே, அவன் பாவசங்கீர்த்தனம் பண்ணியே ஆவணும், செஞ்ச பாவத்த சாமியாராண்ட சொல்லியே ஆவணும்னான். அந்தச் சாமியாருக்குத் தமிழு தெரியுமா, இவனுக்கு ஜெர்மன் தெரியுமா? போயி முட்டி போட்டு நம்ம பாசையிலயே கொட்டினான் பாரு! 'சாமி, பொண்டாட்டியாண்ட சண்ட போட்டுக்கினு வந்துட்டேன். முன்னாலயே சொல்லாதது எந்தப்புத்தான். வூட்டுக்குப் போயி அவ கையில மன்னாப்பு கேக்கணும், அதுவரிக்கும் என்னப் பத்தரமா வெச்சிரு'ன்னு. அந்தச் சாமியாரு ஒரு மண்ணும் புரியாம தலய ஆட்டி ஆட்டிக் கேட்டுட்டு, சிலுவ போட்டு அனுப்பிட்டாரு! வெளிய வந்து, 'அண்ணாத்தே, நா இப்ப காலி கோணி. ஒரு பாவமும் கெடயாது'ன்றான்!"

தெரு கொல்லென்று சிரித்தது. சிலுவையம்மாள்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று தெரியாமலே சிரித்தாள்.

ஃப்ளோராவின் காதில் அந்தச் சிரிப்பு விழவில்லை. மன்னாப்பு கேட்கணும் என்று சொன்னானா? அவள் கையில் கேட்கணும் என்றா சொன்னான்? இதைக் கேட்கத்தானே இரண்டு மாதமாகச் சோறு இறங்காமல் கிடந்தாள்? அதை இந்த ஆள் ஊருக்குச் சிரிப்புக் காட்டச் சொல்கிறான், அவள் நிற்பது தெரிந்தே சொல்கிறான். அவள் இரண்டடி முன்னால் வந்துவிட்டாள். லியோனார்ட் அதைப் பார்த்தான். பார்த்ததும் அவன் நாக்கு அவசரப்பட்டது.

"அத்தோட ஹாம்பர்க்க வுட்டோம். ஜிப்ரால்டர் தாண்டி நேரா போர்ட் சயீத். அங்க ஒரு வித்தக்காரன் கீறான், உன் சட்டப் பாக்கெட்லேர்ந்தே கோழிக்குஞ்ச எடுப்பான்! அப்பால கால்வாயில பூந்து, ரெண்டு பக்கமும் மணலு, ஒட்டகம்..."

ஜஹாங்கீர் பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிஸ்கட் கடித்த வாய்கள் அப்படியே நின்றன. வேறு தெருவாக இருந்தால் கோழிக்குஞ்சுக்குக் கைதட்டியிருப்பார்கள். இது ஹார்பர் தெரு. கால்வாய் மூடிய நாளிலிருந்து கப்பல்கள் தாமதமாகி, மூட்டை இல்லாமல் பட்டினி கிடந்த வீடுகள் அந்தத் தெருவில் உண்டு. லியோனார்ட் பழைய பயணங்களில் எத்தனையோ தடவை பாடிய பாட்டு அது. ஹாம்பர்க்குக்குப் பிறகு போர்ட் சயீத் என்று வாய் பழகிப்போயிருந்தது. பயத்தில் அந்தப் பழைய வழியிலேயே போய்விட்டான்.

"எந்தக் கால்வாய்பா?" என்றார் ஜஹாங்கீர் பாய் மெதுவாக.

லியோனார்ட் ஒரு பீடியை எடுத்துப் பற்றவைத்தான்.

"நா சொல்றேன் பாய்" என்றாள் ஃப்ளோரா. "மூடின கால்வாய். அது மூடினதுக்கு நா போட்ட சண்டதான் இந்தத் தெரு பூரா கேட்டுச்சே. அதுக்குத்தான எனக்குக் கொலகாரின்னு பேரு வெச்சீங்க! அண்ணாத்தே, கப்பலு ஆப்பிரிக்காவச் சுத்திக்கினு வந்துச்சு. அந்த ஊர ஏன் எறக்கல? அங்க இன்னா ஆச்சு?"

"இன்னாம்மே, நாலு பேரு குந்திக்கினு கீற எடத்துல..." என்று ஆலிஸ் கெட்டிலோடு நடுவில் வந்தாள்.

"நவுருங்க அண்ணி. பனிய மூட்ட கட்டுனவன் பேரு இன்னா? கெழவி கையப் புடிச்சவன் பேரு இன்னா? காலி கோணின்னு சொன்னானே, அந்தப் பொறம்போக்குக்குப் பேரே கெடயாதா? சொல்லுங்க அண்ணாத்தே!"

சிலுவையம்மாள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்தில் இப்போது வேறு எதுவோ வந்துகொண்டிருந்தது.

"பாஸ்கலு" என்றான் லியோனார்ட்.

"சத்தமா."

"பாஸ்கலும்மே! அல்லாம் பாஸ்கலுதான்!" அவன் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டான். "அடுத்த மாசம் எனக்குக் கப்பலு கீதும்மே. வாயத் தொறந்தா ஜென்மத்துக்கும் கப்பல் கெடயாதுன்னு கம்பெனி ஆளு ஹார்பர் கேட்டாண்டயே நின்னுக்கினு சொன்னான். எனக்கும் புள்ள குட்டி கீது."

"எனக்குப் புருசன் இல்ல" என்றாள் ஃப்ளோரா. "அந்த ஊர எறக்குங்க."

அவன் ஆலிஸைப் பார்த்தான். ஆலிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, எந்தக் கையையும் காலையும் ஆட்டாமல், கதை சொல்லத் தெரியாதவன் மாதிரி, துண்டு துண்டாகச் சொன்னான்.

ஆப்பிரிக்காவின் அடி மூலையில் கப்பல் வரும்போது கடல் பொங்கிக்கொண்டிருந்தது. சரக்கறை மேல் கட்டியிருந்த தார்ப்பாய் பிய்ந்துவிட்டது. தண்ணீர் உள்ளே போனால் சரக்கு வீணாகும். இரண்டு பேர் போய்க் கட்டுங்கள் என்றான் மேட். வெள்ளைக்கார அதிகாரி. இடுப்பில் கயிறு கட்டாமல் என் ஆட்களை அனுப்ப மாட்டேன் என்று கலாசிகளின் தலைவர், சாரங்கு தமீம் பாய் தகராறு பண்ணினார். கயிறு எடுத்துக் கட்ட நேரமில்லை, போ என்று மேட் கத்தினான். பாஸ்கலும் லியோனார்டும் போனார்கள்.

"கதவாண்ட நின்னு சிலுவ போட்டுக்கினான். 'அண்ணாத்தே, ஃப்ளோரா கையில திட்டு வாங்காம நா சாவ மாட்டேன், வா'ன்னான். பாயப் புடிச்சிக் கட்டிக்கினே இருந்தோம். ஒரு அல. நா வின்ச்சைக் கட்டிப் புடிச்சிக்கினேன். கண்ணத் தொறந்தா அவன் இல்ல." லியோனார்ட் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "கப்பலத் திருப்பச் சொல்லி தமீம் பாய் கால்ல வுழுந்தாரு. திருப்பல. சாயங்காலம் மேட்டு எங்கள வரிசையா நிக்க வெச்சு, அவன் தானாவே குதிச்சான், அல்லாரும் அப்டித்தான் சொல்லணும்னான். கயிறு குடுக்காம அனுப்புனது வெளிய தெரிஞ்சா அவன் வேல பூடும்."

அவன் வேலை போய்விடும். அதற்காகத்தான் பாஸ்கல் தற்கொலைக்காரன் ஆனான், ஃப்ளோரா கொலைகாரி ஆனாள். எங்கேயோ ஒரு துரைக்கு மேஜையில் ஒழுங்காகச் சோறு விழவேண்டும் என்பதற்காக, ராயபுரத்துக் குழாயடியில் ஒரு குடம் தனியாக நின்றது. ஃப்ளோராவுக்கு அழுகை வரவில்லை. அழ வேண்டியது நிறைய இருந்தது. அதற்கு முன்னால் ஆக வேண்டிய வேலை இருந்தது. லியோனார்டின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வாங்க. இதயே சாமியாராண்ட சொல்லுங்க. ஹாம்பர்க்கையும் சேத்துச் சொல்லுங்க."

அவன் வந்தான். இழுத்துக்கொண்டு போனதாகத் தெருவில் பிறகு சொன்னார்கள், அது பொய். பாதி வழியில் கையை விட்ட பிறகும் அவனாகத்தான் வந்தான். பின்னாலேயே சனமும் வந்தது. சிரித்தவர்கள் எல்லோரும் வந்தார்கள்.

சாமியார் கோயில் வாசலிலேயே நின்று கேட்டார். இரண்டு தடவை கேட்டார். மேல்நாட்டுச் சாமியாரிடம் பாஸ்கல் செய்த பாவசங்கீர்த்தனத்தை லியோனார்ட் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்பு நடந்துபோச்சும்மா" என்றார். "நாளைக்குக் காலைல முதல் பூசையையே அவருக்காக ஒப்புக்கொடுக்கிறேன். மணி, பாட்டு எல்லாம் வேண்டாம், அமைதியா முடிச்சுடுவோம். கம்பெனிக்காரங்க வேற..."

"அமைதியாவா?" ஃப்ளோராவின் குரல் கோயில் சுவரில் மோதித் திரும்பியது. "குதிச்சான், குதிச்சான்னு இந்தத் தெரு அமைதியாவா சாமி பேசிச்சு? எம் புருசன் திருட்டுத்தனமாவா செத்தாரு, அவுருக்குத் திருட்டுப் பூச வெக்கிறதுக்கு? பாட்டுப் பூச வேணும். மணி வேணும். மணி இப்பவே வேணும்."

சாமியார் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் தரையைப் பார்த்தது. ஜஹாங்கீர் பாய் மட்டும், கோயிலுக்கு வெளியே நின்றபடி, "அந்தம்மா கேக்கறதுல இன்னா தப்பு கீது சாமி?" என்றார். சாமியார் திரும்பி, உபதேசியார் அம்புரோஸிடம் தலையை அசைத்தார்.

அம்புரோஸ் மணிக்கூண்டைத் திறந்தார். துக்க மணி அடிப்பது அவர் வேலை. கயிற்றுக்கு நீண்ட அவர் கையை ஃப்ளோரா விலக்கினாள். அவர் ஒதுங்கிக்கொண்டார்.

முதல் மணி விழுந்தது. துக்க மணியை விட்டுவிட்டுத்தான் அடிக்க வேண்டும். அடுத்ததை அடிக்குமுன் முந்தினது கரைய வேண்டும். அந்த இடைவெளியில் வழக்கம்போலச் சுற்றுத் தெருக்களில் கதவுகள் திறந்தன. துக்க மணி கேட்டால் வெளியே வந்து யார் என்று கேட்பது அங்கே எல்லோருக்கும் பழக்கம். "யாருக்கு மணி? யாரு பூட்டாங்க?" என்று தூரத்திலிருந்து குரல்கள் வந்தன.

சிலுவையம்மாள் தட்டுத்தடுமாறி மணிக்கூண்டுக்குள் வந்தாள். அவள் முகம் பார்க்கிற மாதிரி இல்லை. "எம்மா ஃப்ளோரா" என்று கயிற்றின் மேல் கை வைத்தாள். "நானும் ஒரு கை புடிக்கிறேம்மா. பெத்தவம்மா நானு."

ஃப்ளோரா கயிற்றை விடவில்லை. மாமியாரின் கையை எடுத்து, முரட்டுத்தனமாக இல்லாமல், ஆனால் பாசமாகவும் இல்லாமல், கீழே விட்டாள்.

"மணி நா அடிச்சிக்கிறேன் அத்த. யாருன்னு கேக்குறாங்க பாருங்க. வாசல்ல போயி நின்னு சொல்லுங்க. எம் பேரச் சொல்லி நடுத்தெருவுல மாரடிச்சீங்களே, அதே சத்தத்துல சொல்லணும்."

கிழவி திரும்பி வாசலுக்குப் போனாள். "பாஸ்கலுக்கும்மா" என்றாள் தெருவைப் பார்த்து. குரல் உடைந்தது. "எம் புள்ள பாஸ்கலுக்கு. குதிக்கல. அல அடிச்சிக்கினு பூட்ச்சி."

"சத்தம் பத்தல" என்று சொல்லிவிட்டு, ஃப்ளோரா மறுபடியும் கயிற்றை இழுத்தாள்.